சூடானதும் நின்றுவிடும் ரைடிங் மோவர்: பெட்ரோல் ஏறவில்லையா?

கொலம்பஸ்வாசி

வணக்கம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம், கொலம்பஸுக்கு வடக்கே இருக்கிறேன். வீட்டைச் சுற்றி ஒரு ஏக்கருக்குச் சற்று மேலே புல். மே மாத மழை விழுந்தால் ஐந்தே நாளில் கணுக்காலை மூடிவிடும். வெட்டுவதற்கு வைத்திருப்பது உட்கார்ந்து ஓட்டும் மோவர். 2009 மாடல், 17.5 குதிரைத்திறன், ஒற்றைச் சிலிண்டர், 42 அங்குல டெக் (கத்தி சுழலும் அடிப்பகுதி). பக்கத்து வீட்டுப் பெரியவர் மகளோடு இருக்கப் போனபோது மூன்று வருடத்துக்கு முன்பு எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கையால் பராமரித்த வண்டி. அதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

பிரச்சினை இதுதான். சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்கிறது. இருபது, இருபத்தைந்து நிமிடம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் என்ஜின் சத்தம் ஏறி இறங்க ஆரம்பிக்கிறது, ஊஞ்சல் ஆடுவது போல. பட்டென்று நிற்பதில்லை. திணறித் திணறி, இரண்டு தடவை இருமி, அணைந்துபோகிறது. அந்த நேரத்தில் சோக்கைப் பாதி இழுத்தால் இன்னும் ஒரு நிமிடம் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. நின்ற பிறகு இருபது நிமிடம் ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் இந்த முறை பத்து நிமிடம்தான்.

இதுவரை பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் மூன்றும் புதிதாகப் போட்டுவிட்டேன். பழைய பெட்ரோலை வடித்துப் புதிது ஊற்றினேன். (இங்கே எல்லாரும் கேஸ் என்பார்கள். எனக்கு அது சமையல் சிலிண்டரைத்தான் நினைவுபடுத்தும், அதனால் பெட்ரோல் என்றே எழுதுகிறேன்.) ஒரு கடையில் போனில் விசாரித்தேன். வண்டியைப் பார்க்காமலே கார்புரேட்டரை மாற்ற வேண்டும், 480 டாலர் ஆகும், மூன்று வாரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். மூன்று வாரத்தில் புல் முழங்கால் வரை வந்துவிடும்.

இன்னும் ஒன்று, இது முக்கியமா என்று தெரியவில்லை. டேங்கை முழுக்க நிரப்பிய நாளில் கொஞ்சம் அதிக நேரம் ஓடுகிறது. வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு உண்டு, அதில் ஏறும்போதுதான் முதல் திணறல் வருகிறது. டேங்க் சீட்டுக்கு அடியில் இருக்கிறது.

யாராவது வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

டாலஸ் தோட்டம்

சார், முதலில் டேங்க் மூடியைப் பாருங்கள். மூடியில் காற்று உள்ளே போக ஊசி முனை அளவுக்கு ஒரு வழி இருக்கும். அதில் புல் தூசி அடைத்துக்கொண்டால் பெட்ரோல் குறையக் குறைய டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்காது. இருபது நிமிடத்தில் நிற்பதும், சற்று விட்டால் ஓடுவதும் இதற்கும் பொருந்தும். அடுத்த முறை நிற்கப் போகும்போது மூடியைத் திருகித் தளர்த்துங்கள். புஸ் என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்டால் குற்றவாளி அதுதான்.

அது இல்லை என்றால் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். போன வருடம் நான் கழற்றியபோது கண்டதைச் சொல்கிறேன். கிண்ணத்தின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர், பெட்ரோலோடு சேராமல் கண்ணாடிக் குண்டு போல உருண்டுகொண்டிருந்தது. சுற்றிலும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. மெயின் ஜெட்டை (பெட்ரோல் போகிற நுண்ணிய துளையுள்ள பித்தளைத் துண்டு) வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும், எனக்குப் பிறை போலத் தெரிந்தது. கார்புரேட்டர் கிளீனர் அடித்து, ஒற்றைச் செப்புக் கம்பி இழையை மெதுவாக விட்டு எடுத்தேன். குண்டூசி, துளைக்கும் பிட் எதையும் உள்ளே நுழைத்துவிடாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை அகலமாகிவிட்டால் அப்புறம் என்ஜின் கறுப்புப் புகை கக்கும்.

கிண்ணத்துக்குக் கீழே ஒயர் போகிற ஒரு சின்ன உருளை இருந்தால் அது சோலினாய்டு, கரண்டில் திறந்து மூடுகிற அடைப்பான். சாவியைப் போட்டதும் டக் என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அது ஜெட்டின் வாயை மூடியே வைத்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மூலம் எத்தனால்தான். இங்கே சாதாரண பம்பில் வருவதில் 10 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 88 என்று எழுதியிருக்கும் பம்பில் 15 சதவீதம். விலை குறைவு என்று அதை மோவரில் ஊற்றிவிடாதீர்கள், இந்த மாதிரிச் சின்ன என்ஜின்களுக்கு அது அனுமதிக்கப்படவே இல்லை.

மிசிசாகா

பெட்ரோல்தான் என்று முடிவுகட்டும் முன் ஒரு வார்த்தை. பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற இக்னிஷன் காயில் சூடானதும் செத்து, ஆறியதும் உயிர் பெறுவது உண்டு. எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. இரண்டு கார்புரேட்டர் மாற்றிய பிறகுதான் கண்டுபிடித்தோம். நின்ற உடனே, சூடு ஆறுவதற்குள், பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பொள்ளாச்சி பட்டறை

தம்பி என்றே கூப்பிடுகிறேன், எனக்கு 58 வயது. இந்த உட்கார்ந்து ஓட்டும் வண்டி எங்கள் பக்கம் கிடையாது. எனக்கு வருவதெல்லாம் தென்னந்தோப்பில் ஓடுகிற பிரஷ் கட்டரும் பவர் வீடரும்தான். ஆனால் பெட்ரோல் என்ஜின் எங்கே இருந்தாலும் பெட்ரோல் என்ஜின்தான். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

முக்கியமா என்று தெரியவில்லை என்று கடைசியில் எழுதினீர்களே, அதுதான் முக்கியம்.

காயில் போனால் என்ஜின் பட்டென்று அறுந்துவிடும். உங்களுடையது ஏறி இறங்கித் திணறுகிறது, சோக் இழுத்தால் தாங்குகிறது. அது பெட்ரோல் பற்றாமல் தவிக்கிற என்ஜின். (மிசிசாகா நண்பர் சொன்ன கரண்ட் சோதனையையும் செய்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.) மெயின் ஜெட் அடைப்பாக இருந்தால் முதல் நிமிடத்திலிருந்தே திணற வேண்டும். டேங்க் நிறைய இருக்கிறதா, காலியா என்பதைப் பற்றி ஜெட்டுக்குக் கவலை இல்லை. உங்கள் வண்டி டேங்க் நிரம்பினால் ஓடுகிறது, மேட்டில் ஏறினால் திணறுகிறது. டேங்க் பின்னால் தாழ்வாக இருக்கிறது, என்ஜின் முன்னால். மேடேறும்போது டேங்க் இன்னும் கீழே போய்விடுகிறது. ஆக, பெட்ரோலை மேலே தூக்கித் தருகிற ஏதோ ஒன்று பலவீனமாகிவிட்டது. உங்கள் வண்டியில் ஒரு சின்ன பெட்ரோல் பம்ப் இருக்க வேண்டும். உள்ளங்கையில் அடங்குகிற அளவு, மூன்று டியூப் போகும். இருக்கிறதா பாருங்கள்.

அந்தப் பம்புக்குக் கரண்ட் கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது கிரான்க்கேஸுக்குள், அதாவது ஆயில் இருக்கிற என்ஜின் அடிப்பெட்டிக்குள், காற்று அமுங்கி விரியும். அந்தத் துடிப்பை ஒரு டியூப் பம்புக்குக் கொண்டுவரும். உள்ளே ஒரு மெல்லிய ரப்பர் சவ்வு, அது துடிக்கத் துடிக்க பெட்ரோல் ஒரு பக்கம் இழுபட்டு மறுபக்கம் தள்ளப்படும். ஆக மூன்று டியூபில் ஒன்று டேங்கிலிருந்து வருவது, ஒன்று கார்புரேட்டருக்குப் போவது. மூன்றாவதில் பெட்ரோலே இருக்காது, வெறும் துடிப்பு மட்டும்தான். பலரும் அந்த மூன்றாவதை விட்டுவிட்டுத்தான் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

எதையும் வாங்காதீர்கள். முதலில் எங்கே வரைக்கும் பெட்ரோல் வருகிறது, எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். கார்புரேட்டருக்குப் போகிற டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள். பிளக் ஒயரைக் கழற்றி என்ஜின் பாடியில் நன்றாக எர்த் கொடுத்துவிடுங்கள், பொறி அடிக்கக் கூடாது. ஐந்து விநாடி செல்ஃப் அடித்துப் பாருங்கள். ஒரு தடவை ஆறின என்ஜினில், ஒரு தடவை சூடான என்ஜினில். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் எழுதுங்கள்.

திறந்த வெளியில் செய்யுங்கள் தம்பி. சைலன்ஸர் சூடாக இருக்கும்போது அதன் மேல் ஒரு சொட்டுக்கூட விழக் கூடாது. கையில் கனமான துணி வைத்துக்கொள்ளுங்கள்.

கொலம்பஸ்வாசி

எல்லோருக்கும் நன்றி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதுதான் வேலை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மூடியைத் தளர்த்தி வைத்துக்கொண்டே ஓட்டினேன். புஸ் சத்தம் இல்லை, வழக்கம்போல 22ஆவது நிமிடத்தில் நின்றது. நின்ற கையோடு டெஸ்டர் வைத்தேன், பிளக்கில் கரண்ட் பளிச்சென்று வருகிறது. சோலினாய்டு டக் என்கிறது. கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினேன். டாலஸ் நண்பர் சொன்ன வெள்ளைப் பொடி கொஞ்சம் இருந்தது, தண்ணீர் இல்லை, ஜெட் துளை முழு வட்டமாகத் தெரிந்தது. துடைத்து மாட்டிவிட்டேன்.

பொள்ளாச்சி அண்ணா, நீங்கள் சொன்ன பம்ப் இருக்கிறது! என்ஜினின் வலப்பக்கத் தகரத்துக்குப் பின்னால், மூன்று டியூபோடு. மூன்று வருடமாக ஆயில் மாற்றுகிற நான் ஒருநாளும் அதைக் கவனித்ததில்லை.

செல்ஃப் அடிக்க வேண்டுமானால் பிரேக்கை மிதித்திருக்க வேண்டும் என்பதால் என் மனைவி சீட்டில் உட்கார்ந்தார். நான் பாட்டிலோடு தரையில். ஆறின என்ஜினில் பெட்ரோல் விட்டு விட்டுத் துடித்து நன்றாகப் பீச்சியது. ஐந்து விநாடியில் பாட்டிலின் அடி மூடிவிட்டது. டியூபை மாட்டி, 22 நிமிடம் ஓட்டி, நின்றதும் மறுபடி அதையே செய்தோம். சொட்டு. இன்னொரு சொட்டு. அவ்வளவுதான்.

இது நடந்தபோது எனக்கு அப்பா நினைவு வந்தது. திருவாரூர் பக்கம் எங்களுக்கு நாலு மா நிலம், டீசல் என்ஜின் வைத்துத் தண்ணீர் இறைப்பார். என்ஜின் ஏர் பிடித்து நின்றால் டியூபின் நட்டை ஸ்பேனரால் அரைச் சுற்றுத் தளர்த்தி, நுரை போய்ச் சுத்தமான டீசல் வழியும்வரை கையால் பம்ப் அடிப்பார். நான் டார்ச் பிடிப்பேன். எங்கே வரைக்கும் வருது என்று அவரும் அண்ணன் கேட்டது போலவேதான் கேட்பார்.

அந்த யோசனையிலேயே இன்னொன்றும் செய்தேன். டேங்கிலிருந்து பம்புக்கு வருகிற டியூபைக் கழற்றி, டேங்கைவிடத் தாழ்வாகப் பிடித்தேன். சூடாக இருக்கும்போதே. பென்சில் கனத்துக்குத் தடையில்லாமல் ஓடியது. அதனால் டேங்க், ஃபில்டர், மூடி மூன்றும் நிரபராதிகள் என்று நினைக்கிறேன். சரிதானா? பம்ப் 20 டாலருக்குக் கிடைக்கிறது. ஆர்டர் போட்டுவிடலாமா?

பொள்ளாச்சி பட்டறை

சரியான சோதனை. பெட்ரோல் பம்ப் வாசல்வரை தாராளமாக வருகிறது, பம்பைத் தாண்டவில்லை. ஆர்டர் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சவ்வு கிழிந்திருக்கலாம், 2009 வண்டி என்கிறீர்கள். ஆனால் சவ்வு கிழிந்திருந்தால் பெரும்பாலும் ஆறின என்ஜினிலும் ஒழுங்காகத் தள்ளாது. சில சமயம் பெட்ரோல் துடிப்பு டியூப் வழியாக கிரான்க்கேஸுக்குள் இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை இருந்தாலோ, ஆயில் அளவு ஏறியிருந்தாலோ ஆயிலை மாற்றாமல் ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும்.

வாடை இல்லை என்றால் மூன்றாவது டியூபைத்தான் நான் சந்தேகப்படுவேன். ஆறினால் ரப்பர் இறுகும், சூடானால் இளகும். வெடிப்பு இருந்தால் சூட்டில்தான் வாய் திறக்கும். கண்ணால் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். கழற்றிக் கையில் எடுத்து, விரலில் சுற்றி வளைத்துப் பாருங்கள். கிளிப் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆயில் குச்சி முழுசாகத் திருகி உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள், அது தளர்ந்திருந்தாலும் கிரான்க்கேஸ் துடிப்பு வெளியே போய்விடும்.

போன மாசம் ஒரு பிரஷ் கட்டர் வந்தது. அதில் இந்தத் துடிப்பு டியூப் வழியாக இல்லை, கார்புரேட்டர் கேஸ்கட்டில் இருக்கிற ஒரு துளை வழியாகப் போகும். யாரோ கேஸ்கட்டைத் தலைகீழாக மாட்டித் துளையை மூடிவிட்டார்கள். இரண்டு பட்டறை ஏறி இறங்கி, புதுக் கார்புரேட்டர் போட்டும் ஓடாமல் என்னிடம் வந்தார் தோப்புக்காரர். கேஸ்கட்டைத் திருப்பிப் போட்டேன், மூன்றாவது இழுப்பில் பிடித்தது.

மிசிசாகா

கரண்ட் இருக்கிறது என்றால் என் சந்தேகம் தீர்ந்தது. பட்டறை அண்ணன் சொல்வதை அப்படியே செய்யுங்கள். நானும் பின்தொடர்கிறேன், எங்கள் வண்டியிலும் அதே மாதிரிப் பம்ப்தான் இருக்கிறது, இன்றுதான் போய்ப் பார்த்தேன்.

கொலம்பஸ்வாசி

கிடைத்துவிட்டது அண்ணா!

ஆயில் குச்சியில் பெட்ரோல் வாடை இல்லை, அளவும் சரி. குச்சி இறுக்கமாகத்தான் இருந்தது. மூன்றாவது டியூப் ஒரு சாண் நீளம்கூட இல்லை. பம்ப் பக்கம் புதிது போலப் பளபளப்பாக இருந்தது. கிரான்க்கேஸ் பக்கம் போகப் போக, கடைசி ஓர் அங்குலத்தில் மட்டும் புழுதி பிசுபிசுவென்று அப்பியிருந்தது. மற்ற இடமெல்லாம் காய்ந்த தூசி, ஊதினால் பறக்கிறது. இங்கே மட்டும் எண்ணெயில் குழைந்த சேறு. ஸ்பிரிங் கிளிப்பைக் குறட்டால் அமுக்கி நகர்த்திவிட்டு டியூபை உருவினேன். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. துடைத்துவிட்டு, நீங்கள் சொன்னபடி விரலில் சுற்றி வளைத்தேன். கிளிப் உட்கார்ந்திருந்த இடத்தில், நகத்தின் அகலத்துக்கு ஒரு வெடிப்பு வாயைப் பிளந்தது. வளைப்பதை விட்டதும் கோடுகூடத் தெரியாமல் மூடிக்கொண்டது. நான் நாலைந்து முறை வளைத்து வளைத்துப் பார்த்தேன், மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினேன். என்ஜின் ஒவ்வொரு துடிப்பிலும் அந்த வழியாக எண்ணெய் ஆவியை ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தச் சேற்றுக்குக் காரணம் அதுதான்.

கடையில் எரிபொருளுக்கென்றே விற்கும் கால் அங்குல டியூப் ஓர் அடி வாங்கினேன், இரண்டு திருகு கிளிப்போடு. மொத்தம் ஏழு டாலருக்குள். அதே நீளம் வெட்டி, எங்கும் மடங்காமல், தொங்காமல் போட்டேன். பம்பை மாற்றவில்லை.

வேண்டுமென்றே டேங்கில் கால் பங்குக்குக் குறைவாகத்தான் பெட்ரோல் வைத்துக்கொண்டு ஓட்டினேன். நேற்று மதியம் வெயில் 85 டிகிரி ஃபாரன்ஹீட். 22ஆவது நிமிடம் வந்தபோது சரிவில் ஏறிக்கொண்டிருந்தேன், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. சத்தம் மாறவில்லை. அந்தச் சரிவையே மூன்று முறை ஏறி இறங்கினேன். 55 நிமிடத்தில் முழுப் புல்லும் முடிந்தது. ஏப்ரலுக்குப் பிறகு ஒரே மூச்சில் முடிப்பது இதுதான் முதல் தடவை.

பெரியவரிடம் போனில் சொன்னேன். அந்த டியூபை ஒருமுறையும் மாற்றியதில்லை என்றார். பெட்ரோல் போகிற மற்ற இரண்டு டியூபும் அதே வயசுதானே, இந்த வாரமே அவற்றையும் மாற்றிவிடப் போகிறேன்.

டாலஸ் தோட்டம்

மிக்க மகிழ்ச்சி சார். நான் மூடி, கார்புரேட்டர் என்று போய்விட்டேன். மேட்டில் ஏறும்போது திணறுகிறது என்பதைப் படித்தும் அதன் அர்த்தம் எனக்குப் பிடிபடவில்லை. பட்டறை அண்ணனிடம் ஒரு சந்தேகம் கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலமோ குளிர்காலமோ, நாலைந்து மாதம் வண்டியை நிறுத்தி வைக்கும்போது டேங்கைக் காலி செய்வது நல்லதா, நிரப்பி வைப்பது நல்லதா?

பொள்ளாச்சி பட்டறை

தம்பி, ரொம்ப சந்தோஷம். உங்கள் அப்பா சொல்லிக்கொடுத்தபடியே படிப்படியாகப் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் புழுதி பிசுபிசுப்பைக் கவனித்தீர்களே, அதுதான் கைதேர்ந்த மெக்கானிக் பார்க்கிற இடம்.

டாலஸ் நண்பருக்கு: இங்கே இப்போது பங்கில் கிடைப்பதே 20 சதவீத எத்தனால் கலந்ததுதான், அதனால் சீசன் முடிந்த என்ஜினில் நான் பெட்ரோலை விட்டுவைப்பதே இல்லை. டேங்கை வடித்துவிட்டு, ஸ்டார்ட் செய்து, கார்புரேட்டரில் இருப்பதும் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுவேன். கிண்ணத்தின் அடியில் வடிக்கிற திருகு இருந்தால் அதையும் திறந்து மிச்சத்தை எடுத்துவிடுவேன். உங்கள் ஊரில் பெரிய டேங்க், வடிப்பது கஷ்டம் என்றால் இன்னொரு வழி உண்டு. ஸ்டெபிலைசர் என்று கடையில் விற்கும் மருந்தைப் புதுப் பெட்ரோலில் கலந்து, டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, பத்து நிமிடம் ஓட்டி அது கார்புரேட்டர் வரைக்கும் போன பிறகு நிறுத்துங்கள். பாதி டேங்கோடு நிறுத்துவதுதான் கெடுதல். மேலே இருக்கிற காற்றில் உள்ள ஈரம் உள்ளே இறங்கும்.

மிசிசாகா நண்பரே, உங்கள் வண்டியிலும் அந்த மூன்றாவது டியூபைக் கழற்றி ஒருமுறை வளைத்துப் பார்த்துவிடுங்கள்.

மிசிசாகா

பார்த்தேன் அண்ணா. வெடிப்பு இல்லை, ஆனால் கிளிப் இருக்கிற இடத்தில் ரப்பர் மரக்கட்டை மாதிரி இறுகிப்போயிருக்கிறது. நாளைக்கே ஓர் அடி வாங்கிவிடுகிறேன்.